பொரியாத முட்டை கூறும் காரணம்

அடைக்கோழி கூடையில் அமர்ந்திருக்கும் காட்சியை நம்மில் பலர் கண்டிருப்போம். வைக்கோல் பரப்பிய கூடை; அதில் பத்துப் பன்னிரண்டு முட்டைகள்; அவற்றின்மேல் இறகுகளைச் சிலிர்த்து, உடலை அகல விரித்து அமர்ந்திருக்கும் தாய்க்கோழி. யாரேனும் அருகிற் சென்றால் அது சீறும். கையை நீட்டினால் கொத்தும். நாளில் சிறிது நேரமே இரைக்காக இறங்கும். விரைந்து தின்று, நீர் பருகி, மீண்டும் கூடையினுட் புகும். இவ்வாறு 21 நாள் தவம் கிடந்தபின், ஓட்டைப் பிளந்துகொண்டு குஞ்சுகள் வெளிவருகின்றன.

தாய்க்கோழி செய்யும் இவ்வேலையை இன்று பொறி ஒன்றும் செய்கிறது. ‘இன்குபேட்டர்’ எனப் பலரும் வழங்கும் குஞ்சு பொரிப்பான் அது. பெரும் பண்ணைகளில் பல்லாயிரம் முட்டைகளைத் தாங்கும் பொரிப்பான்கள் உள்ளன. வீட்டில் சில கோழிகளை வளர்ப்போரும் இருபது, ஐம்பது முட்டைகள் கொள்ளும் சிறு பெட்டிகளை வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்கின்றனர். ஆயினும், 21-ஆம் நாள் மகிழ்ச்சியோடு மூடியைத் திறப்பவர் எல்லாரும் எண்ணிய பயனைப் பெறுவதில்லை. ஐம்பது முட்டை வைத்தவர்க்கு முப்பது குஞ்சுகளே கிடைத்தல் உண்டு. சில வேளைகளில் பத்தும் தேறாமற் போதலும் உண்டு. அப்பொழுது அவர் பொறியைப் பழிக்கிறார். முட்டை கொடுத்தவரைப் பழிக்கிறார். தம் ஊழையும் பழிக்கிறார். பின்னர், பொரியாத முட்டைகளைக் கூமுட்டை எனக் கூறிக் குப்பைக்குழியில் எறிந்துவிடுகிறார்.

எறியப்பட்ட அம்முட்டைகளிலேதான் அவர் தேடும் விடை இருக்கிறது. முட்டையினுள் வளர்ந்த உயிர் எந்த நாளில், எந்த நிலையில் நின்றுபோயிற்று என்பதை அம்முட்டை தன்னுள்ளே பதிந்து வைத்திருக்கிறது. அதனைப் படிக்கக் கற்றவர் அடுத்த முறை தம் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். அங்ஙனம் படிப்பது எப்படி என்பதை இப்பாடத்திற் காண்போம்.

முதலில், தாய்க்கோழி என்ன செய்கிறது என்பதை அறிதல் வேண்டும். அது முட்டைகளுக்குத் தன் உடலின் வெப்பத்தைத் தருகிறது. அலகினாலும் காலினாலும் அவற்றை ஒரு நாளில் பலமுறை புரட்டுகிறது. தன் உடலால் மூடியிருந்து, முட்டையின் ஈரம் விரைந்து உலர்ந்துவிடாமற் காக்கிறது. இரைக்காக எழுந்து செல்லுங்கால் முட்டைகளுக்குப் புதிய காற்றுப் படுகிறது. வெப்பம், புரட்டல், ஈரம், காற்று என்னும் இந்நான்குமே குஞ்சு பொரிப்பதற்கு இன்றியமையாதவை. பொரிப்பான் என்பது இந்நான்கினையும் செயற்கையாக அமைத்துத் தரும் பெட்டியேயன்றி வேறன்று.

கோழியின்றிக் குஞ்சு பொரிக்கும் முயற்சி மிகப் பழைமையானது. எகிப்து நாட்டினர் மண்ணாலான பெரிய சூளைகளைக் கட்டி, சாணத்தையும் வைக்கோலையும் எரித்து, ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்கச் செய்தனர். அவர்களிடம் வெப்பமானி இல்லை. முட்டையை எடுத்துக் கண்ணிமைமேல் வைத்து, அதன் சூட்டை உணர்ந்தே தீயைக் கூட்டியும் குறைத்தும் வந்தனர். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்னீலியஸ் டிரெபெல் என்னும் டச்சு நாட்டு அறிஞர், சூடு மிகுந்தால் தானே காற்று வழியை மூடித் தீயைத் தணிக்கும் கருவி ஒன்றை அமைத்து, அதனை முட்டை பொரிக்கும் அடுப்பிற் பயன்படுத்தினார். இக்காலத்துப் பொரிப்பானில் வெப்பத்தைத் தானே அடக்கும் ‘தெர்மோஸ்டாட்’ என்னும் கருவிக்கு அதுவே முன்னோடி.

முட்டையினுள் நிகழ்வதை முறையாக ஆராய்ந்த வரலாறும் பழைமையானதே. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில், அடையில் உள்ள முட்டைகளின் வளர்ச்சியை நாள்வாரியாகக் கண்டு எழுதிவைத்தார். மூன்று நாள் சென்றபின் வெண்கருவில் ஒரு குருதித் துளி தோன்றித் துடிப்பதையும், அதுவே குஞ்சின் இதயம் என்பதையும் அவர் குறித்துள்ளார். ஓட்டிற்குள் மறைந்திருப்பதைத் திறந்து பார்த்தே அறிய வேண்டும் என்னும் நெறிக்கு அவரை முன்னோர் எனலாம்.

இனி, அந்த 21 நாள்களின் கதையைச் சுருக்கமாகக் கூறுவோம். இரண்டாம் நாள் முடிவதற்குள் கருவின் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. நான்காம் நாளில் மஞ்சட்கருவின்மேல் குருதிக் குழாய்கள் பரவுகின்றன. ஏழாம் நாளில், ஒளியிற் பிடித்துப் பார்த்தால் சிலந்தியும் அதன் கால்களும்போலக் கருவும் குழாய்களும் தெரிகின்றன. இரண்டாம் வாரத்தில் அலகு கடினமாகிறது. உடலில் மென்மயிர் அரும்புகிறது. பதினான்காம் நாளையொட்டிக் கரு தன் தலையை முட்டையின் பருத்த முனைப் பக்கம் திருப்பிக்கொள்கிறது. அம்முனையிலேதான் காற்றறை என்னும் சிறு வெற்றிடம் அமைந்துள்ளது. பத்தொன்பது, இருபதாம் நாள்களில் எஞ்சிய மஞ்சட்கரு வயிற்றினுள் இழுக்கப்படுகிறது. குஞ்சு காற்றறையின் சவ்வை அலகினாற் குத்தி, முதன்முறையாக நுரையீரலால் மூச்சு விடுகிறது. பின்னர், அலகின் நுனியில் உள்ள சிறு முள்ளினால் ஓட்டில் துளையிட்டு, மெல்ல மெல்ல ஓட்டைச் சுற்றிலும் உடைத்து வெளிவருகிறது.

இக்கதையில் இடர் மிகுந்த கட்டங்கள் இரண்டு உள்ளன. ஒன்று, முதல் சில நாள்கள். இதயமும் குருதிக் குழாய்களும் உருவாகும் காலம் அது. மற்றொன்று, கடைசி மூன்று நாள்கள். மூச்சு முறையே மாறும் காலம் அது. பொரியாத முட்டைகளுள் பெரும்பாலானவை இவ்விரு கட்டங்களில் ஒன்றிலேயே கெட்டிருக்கும். ஆதலின், “எத்தனை முட்டை கெட்டன?” என்று கேட்பதைவிட, “எந்த நாளிற் கெட்டன?” என்று கேட்பதே அறிவுடைமை.

அதனை அறிய முதல் வழி, ஏழாம் நாளில் முட்டைகளை ஒளியிற் பார்த்தலாகும். இருட்டறையில் கைவிளக்கின் ஒளியை முட்டையின் பருத்த முனையில் பாய்ச்சினால் உள்ளே இருப்பது நிழலாகத் தெரியும். அப்பொழுது முட்டைகள் மூவகையாகப் பிரியும். குருதிக் குழாய்கள் பரவித் தெரிபவை உயிருள்ளவை. எவ்வித வளர்ச்சியும் இன்றித் தெளிவாக இருப்பவை இரண்டாம் வகை. குருதி வளையம் ஒன்று மட்டும் தெரிபவை மூன்றாம் வகை.

தெளிந்த முட்டைகளுட் பெரும்பாலானவை சேவலின் தொடர்பின்றி இடப்பட்டவை. அவற்றை எத்துணைச் சிறந்த பொறியும் பொரிக்க இயலாது. ஏறக்குறையப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு நலமான சேவல் வேண்டும். சேவல் முதுமையுற்றதாகவோ நோயுற்றதாகவோ இருப்பினும், கடுங்கோடையிலும் கருவுறாத முட்டைகள் மிகும். எனவே, தெளிந்த முட்டைகள் பல இருப்பின் குறை கோழிக்கூட்டிலேயே உள்ளது. பொரிப்பானைத் திருத்துவதாற் பயனில்லை.

குருதி வளையம் உடைய முட்டைகளின் செய்தி வேறு. அவற்றில் உயிர் தோன்றியது. ஆனால் முதல் சில நாள்களிலேயே மடிந்தது. பொறியில் வைக்குமுன் முட்டைகளைப் பேணிய முறையில் பிழை இருந்திருக்கலாம். முட்டையை ஏழு நாளுக்கு மேற் சேமித்து வைத்தால், நாள்தோறும் அதன் ஆற்றல் குறையும். கோடை வெயிலில் வெப்பம் மிகுந்த அறையில் வைத்தால், கரு அரைகுறையாக வளரத் தொடங்கி வலுவிழக்கும். குளிர்பெட்டியில் வைத்தால் குளிரே அதனைக் கொல்லும். சிற்றூர்களில் ஈர மணலின்மேல் மண்பானையை வைத்து, அதனுள் முட்டைகளைக் கூர்முனை கீழாக அடுக்கி வைப்பது நல்ல முறையாகும். முட்டையை நீரிற் கழுவுதல் கூடாது. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன; அவற்றைக் காக்கும் மேற்பூச்சு கழுவினால் அழிந்து, நோய்க்கிருமிகள் உட்புக வழி உண்டாகும். அழுக்குப் படிந்த முட்டைகளையும் கீறல் விழுந்தவற்றையும் பொறியில் வைக்காமல் நீக்குவதே நன்று.

சேமிப்பிற் குறையில்லாதபோதும் குருதி வளையங்கள் பல தோன்றினால், வெப்பத்தையே ஐயுற வேண்டும். காற்றைச் சுழற்றும் விசிறி உள்ள பொரிப்பானில் செல்சியஸ் அளவில் 37.5 பாகை வெப்பம் இருத்தல் வேண்டும். விசிறி இல்லாத பெட்டியில் சூடான காற்று மேலே நிற்கும். தட்டின் அடியில் குளிர்ந்திருக்கும். ஆகையால் அங்கே முட்டைகளின் மேற்புற மட்டத்தில் வெப்பமானியை வைத்து, ஏறக்குறைய 38.5 பாகை இருக்குமாறு பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். வெப்பமானியை மூடியருகே தொங்கவிட்டு ஏமாந்தவர் பலர்.

வெப்பமானியே பொய் கூறுமாயின் என் செய்வது? வீட்டில் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி ஒன்று இருந்தால் அதனைக்கொண்டு சோதிக்கலாம். வெதுவெதுப்பான நீரில் இரண்டையும் ஒருங்கே வைத்து, அளவுகள் ஒத்துள்ளனவா எனப் பார்க்க வேண்டும். பொரிப்பானின் வெப்பமானி ஒரு பாகை கூடுதலாகக் காட்டுவதாயின், அந்த ஒரு பாகையைக் கணக்கில் கொண்டு பொறியை அமைக்கலாம். ஒரு பாகைதானே என்று இகழ்தல் கூடாது. 21 நாளும் ஒரு பாகை குறைந்தே இருப்பின், குஞ்சுகள் நாள் கடந்து, சோர்ந்து, பெருத்த வயிற்றோடு வெளிவரும். பல வெளிவாராமலே மடியும். ஒரு பாகை மிகுந்தே இருப்பின், குஞ்சுகள் உரிய நாளுக்கு முன்னரே பொரிந்து, தொப்புள் மூடாமலும் கால் விரல்கள் வளைந்தும் காணப்படும். குறைந்த வெப்பத்தினும் மிகுந்த வெப்பமே கொடியது என்பதை நினைவிற் கொள்க. தாய்க்கோழி இரைக்கு இறங்குங்கால் முட்டை சிறிது குளிர்வது இயற்கை. அதனைக் கரு தாங்கும். ஆனால் 40 பாகையைக் கடந்த சூட்டில் சில மணி நேரம் கிடந்தால் கருக்கள் கூட்டமாக மடியும். வெயில் விழும் சாளரத்தருகே பொரிப்பானை வைத்தல் ஆகாது என்பதற்குக் காரணம் இதுவே.

அடுத்து, புரட்டலைக் காண்போம். புரட்டாத முட்டையில் மஞ்சட்கரு மேலெழுந்து, அதன்மேல் உள்ள கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கரு வளராது. கையாற் புரட்டுவோர் முட்டையின் ஒரு பக்கத்தில் பெருக்கற்குறியும், மறுபக்கத்தில் வட்டமும் பென்சிலால் இட்டுக்கொள்வர். நாளொன்றுக்கு மூன்று அல்லது ஐந்து முறை புரட்டுதல் நலம். ஒற்றைப்படை எண் எதற்காக? இரவு முழுதும் முட்டை அசையாது கிடக்கிறது. ஒற்றைப்படையாகப் புரட்டினால், நேற்றிரவு மேலிருந்த பக்கம் இன்றிரவு கீழிருக்கும். ஒரே பக்கம் இரவுதோறும் மேலிருப்பது தவிர்க்கப்படும். புரட்டுமுன் கைகளைத் தூய்மை செய்துகொள்ளுதல் வேண்டும். பதினெட்டாம் நாளில் புரட்டுதலை நிறுத்திவிட வேண்டும். குஞ்சு வெளிவரத் தக்க நிலையில் தன்னை அமைத்துக்கொள்ளும் நேரம் அது. அதனைக் குலைத்தல் கூடாது. முட்டையைக் கூர்முனை மேலாக வைத்தவர்க்கு மற்றோர் இழப்பு உண்டு. குஞ்சின் தலை கூர்முனைப் பக்கம் அமைந்து, காற்றறையை எட்டாமல் மூச்சுத் திணறி மடிய நேரும்.

ஈரத்தின் செய்தி நுட்பமானது. முட்டை தன் நுண்துளைகளின் வழியே நாள்தோறும் சிறிது நீரை ஆவியாக இழக்கிறது. இழந்த நீரின் இடத்தைக் காற்றறை நிரப்புகிறது. பதினெட்டாம் நாளுக்குள் முட்டை தன் எடையில் ஏறத்தாழ 12 விழுக்காட்டை இழத்தல் வேண்டும். இழப்பு மிகக் குறைந்தால் காற்றறை சிறிதாகும். முட்டையினுள் நீர் தேங்கி, குஞ்சு ஓட்டைக் குத்தும் வேளையில் அந்நீரிலேயே மூழ்கி மடியும். இழப்பு மிகுந்தால் உட்சவ்வு உலர்ந்து தோல்போல் இறுகி, குஞ்சைப் பிணித்துக்கொள்ளும். முதற் பதினெட்டு நாள் 50 முதல் 55 விழுக்காடும், கடைசி மூன்று நாள் 65 முதல் 70 விழுக்காடும் ஈரப்பதம் இருப்பது பொதுவான அளவாகும். பெட்டியினுள் தட்டில் நீர் வைத்து இதனை அமைக்கலாம். நீரின் ஆழத்தைக் கூட்டுவதால் ஈரம் கூடாது. காற்றுப் படும் பரப்பைக் கூட்டினாலே கூடும். அகன்ற தட்டு வைப்பதன் காரணம் இதுவே.

ஈரமானி இல்லாத வீட்டினர் தராசைத் துணைக்கொள்ளலாம். வைக்கும் நாளில் பத்து முட்டைகளின் எடை 500 கிராம் எனக் கொள்வோம். ஏழாம் நாளில் அது ஏறக்குறைய 477 கிராமாகவும், பதினெட்டாம் நாளில் 440 கிராமாகவும் இருத்தல் வேண்டும். ஏழாம் நாளிலேயே 465 கிராமாகக் குறைந்திருப்பின் பெட்டி மிக வறண்டுள்ளது. நீர்ப்பரப்பை அகலமாக்க வேண்டும். 490 கிராமாக நின்றால் ஈரம் மிகுதி. நீரைக் குறைக்க வேண்டும். கடற்கரை ஊரில் மழைக்காலத்தில் தட்டில் நீரே வேண்டாமற் போகலாம். உள்நாட்டில் கோடையில் இரு தட்டுகள் வேண்டியிருக்கலாம். ஊருக்கும் பருவத்திற்கும் ஏற்ற அளவைத் தராசே சொல்லிவிடும்.

காற்றின் தேவையைப் பலர் மறந்துவிடுகின்றனர். முட்டையினுள் இருப்பது உயிர். அது உயிர்வளியை ஏற்றுக் கரியமில வாயுவை வெளியிடுகிறது. வளர வளர அத்தேவை பெருகுகிறது. வெப்பம் வெளியேறும் என்று அஞ்சிப் பெட்டியின் துளைகளை அடைப்பவர், கடைசி வாரத்தில் குஞ்சுகளை மூச்சடைக்கச் செய்கின்றனர். மின்தடை நேருங்காலும் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மின்சாரம் நின்றால் மூடியைத் திறவாது, பெட்டியின்மேல் கம்பளியைப் போர்த்தலாம். ஆனால் காற்றுத் துளைகளை மூடலாகாது. மின்சாரம் வந்ததும் போர்வையை நீக்கிவிட வேண்டும். ஓரிரு மணி நேரக் குளிர்ச்சியால் எல்லாம் அழிந்ததென்று எண்ணி முட்டைகளை எறிந்துவிடுதல் தவறு. சில நாள் கழித்து ஒளியிற் பார்த்தால் உண்மை விளங்கும்.

கடைசி மூன்று நாள்கள் பொரிப்பானுக்கு மட்டுமன்றி, அதனை வைத்திருப்பவரின் பொறுமைக்கும் சோதனையாகும். ஓட்டில் முதல் துளை தோன்றுகிறது. உள்ளிருந்து கீச்சென்னும் ஒலி கேட்கிறது. ஒரு மணி ஆகிறது, ஐந்து மணி ஆகிறது, குஞ்சு வெளிவரவில்லை. பார்ப்பவர் மனம் இரங்குகிறது. ஓட்டை உரித்து உதவலாம் என்று கை நீளுகிறது. ஆனால் அக்குஞ்சு சும்மா இருக்கவில்லை. உட்சவ்வில் உள்ள குருதியைத் தன் உடலுக்குள் ஈர்த்துக்கொண்டிருக்கிறது. மஞ்சட்கருவை வயிற்றினுள் முற்றும் அடக்கிக்கொண்டிருக்கிறது. இதற்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம். ஒரு நாள் முழுதும் ஆகலாம். அதற்குள் ஓட்டை உரித்தால் குருதி கொட்டும், குஞ்சு மடியும். ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் ஈரம் வெளியேறுகிறது. வெளிவர முயலும் மற்றக் குஞ்சுகளின் சவ்வும் உலர்ந்து இறுகுகிறது. ஒன்றற்கு இரங்கியவர் பலவற்றிற்குக் கேடு செய்தவர் ஆகிறார். ‘ஆக்கப் பொறுத்தவர்க்கு ஆறப் பொறுக்கவில்லை’ என்னும் பழமொழி இவர்க்கே பொருந்தும். பொரிந்த குஞ்சுகள் பெட்டியிலேயே உலரட்டும். வயிற்றினுள் உள்ள மஞ்சட்கரு அவற்றுக்கு இரண்டு நாளுக்குப் போதிய உணவாகும்.

இப்பொழுது பொரியாத முட்டைகளைப் படிக்கும் வேளை வருகிறது. இருபத்திரண்டாம் நாள் கழியும் வரை பொறுத்து, ஒளியிற் பார்த்து, உள்ளே அசைவேதும் இல்லை என்று தெளிந்த பின்னரே முட்டையைத் திறக்க வேண்டும். உயிருள்ள முட்டையை ஆர்வத்தால் உடைத்தல் பிழை. துர்நாற்றம் வீசும் முட்டையும் ஓட்டில் நீர் கசியும் முட்டையும் அழுகியவை. அவை வெடிக்கும் இயல்பின. அவற்றைத் திறவாமற் புதைத்துவிடுக. ஏனையவற்றை வீட்டிற்கு வெளியே வைத்து, பருத்த முனையில் தட்டி, ஓட்டை மெல்ல நீக்கிப் பார்த்து, உள்ளே கண்டதை எழுதி வைத்து, பின்னர்க் கைகளைச் சோப்பிட்டுக் கழுவிக்கொள்ளுதல் வேண்டும்.

திறந்த முட்டையில் மயிர் முளைத்த, ஆயினும் முற்றாத கரு இருப்பின், அது இரண்டாம் வாரத்திலோ மூன்றாம் வாரத் தொடக்கத்திலோ மடிந்தது. அத்தகையவை பலவாயின் தாய்க்கோழிகளின் தீனியை ஆராய வேண்டும். ‘பி2’ என்னும் வைட்டமின் தீனியிற் குறைந்தால் கருக்கள் இடைக்காலத்தில் மடிவதுண்டு. பசுங்கீரை அவ்வைட்டமினைத் தரும் பொருள்களுள் ஒன்று. முற்றிய குஞ்சு உலர்ந்த சவ்வினாற் பிணிக்கப்பட்டிருப்பின் ஈரம் போதவில்லை. நீர் மிகுந்து, குஞ்சு ஊறியதுபோல் வீங்கியிருப்பின் ஈரம் மிகுதி. தலை கூர்முனையில் இருப்பின் முட்டை வைத்த முறையையும் புரட்டிய முறையையும் பார்க்க வேண்டும். யாதொரு குறையும் இன்றி முற்றிய குஞ்சுகள் பல மடிந்திருப்பின், காற்றுத் துளைகளையும் கடைசி நாள்களின் வெப்பத்தையும் ஐயுறுக.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். ஒருவர் 50 முட்டைகளை வைத்தார். 30 குஞ்சுகள் கிடைத்தன என்று கொள்வோம். “இருபது முட்டைகளைப் பொறி கெடுத்தது” என்று அவர் வருந்துகிறார். அவருடைய குறிப்பேட்டைப் பார்ப்போம். ஏழாம் நாளில் தெளிந்தவை 10. குருதி வளையம் உடையவை 2. கடைசியில் எஞ்சியவை 8. அந்த எட்டையும் திறந்தபோது எல்லாம் முற்றிய குஞ்சுகள். ஆறனுள் சவ்வு உலர்ந்து இறுகியிருந்தது. இனிக் கணக்கிடுவோம். தெளிந்த பத்தும் கருவுறாதவை. அக்குறை சேவலைச் சார்ந்தது. கருவுற்ற 40-இல் 30 பொரிந்தமையால், பொறியின் பயன் 60 விழுக்காடு அன்று. 75 விழுக்காடு ஆகும். வளையம் உடைய இரண்டு எங்கும் நேரக்கூடிய சிற்றிழப்பே. உண்மையில் திருத்த வேண்டியவை இரண்டே: கூட்டில் நல்ல சேவல் ஒன்றைச் சேர்த்தல், கடைசி மூன்று நாள் ஈரத்தைக் காத்து, மூடியைத் திறவாதிருத்தல். குறிப்பேடு இல்லாதிருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? வெப்பத்தைக் கூட்டியிருப்பார்; அடுத்த முறை எஞ்சிய முப்பதையும் இழந்திருப்பார்.

ஆதலின், பொரிப்பானுக்கு அருகில் ஒரு குறிப்பேடும் பென்சிலும் இருத்தல் வேண்டும். முட்டை வைத்த நாள், காலை மாலை வெப்பம், முட்டைகளின் எடை, மின்தடை நேர்ந்த நேரம், மூடி திறந்த தடவைகள் ஆகியவற்றை அன்றன்றே எழுதுக. அடுத்த முறை பொறியின் அமைப்பில் ஒன்றை மட்டும் மாற்றுக. வெப்பத்தையும் ஈரத்தையும் காற்றையும் ஒருசேர மாற்றுபவர், நன்மை விளைந்தாலும் எதனால் விளைந்தது என்பதை அறியார். தீமை விளைந்தாலும் அறியார்.

அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் இட்டுவைக்கும் வழக்கம் நம் சிற்றூர்கள் சிலவற்றில் உண்டு. இடியோசையால் முட்டை கெடும் என்னும் அச்சமே அவ்வழக்கிற்குக் காரணம். இடி இடிக்கும் இரவில் மின்சாரம் நின்று பொரிப்பான் குளிர்ந்துபோதலும் உண்டு. மறுநாள் இடியைப் பழிப்பவர் அதனோடு அமைந்துவிடுகிறார். குறிப்பேட்டைப் பார்ப்பவர் மின்தடைக்கு மாற்று ஏற்பாடு செய்கிறார். ஊழென்றும் இடியென்றும் கூறுவதில் துன்பத்திற்கு ஒரு பெயர் கிடைக்கிறதேயன்றி, அதனைத் தடுக்கும் வழி கிடைப்பதில்லை.

பொரியாத ஒவ்வொரு முட்டையிலும் ஓர் உயிர் வெளியுலகைக் காணாமலே அடங்கிற்று. அவ்வுயிரை நாம் மீட்க இயலாது. ஆனால் அது ஏன் அடங்கிற்று என்று கேட்டறிந்தால், அடுத்த முறை அதே காரணத்தால் வேறோர் உயிர் மடியாமற் காக்கலாம். தோல்வியை எறிந்துவிடாமல் திறந்து பார்க்கும் துணிவும், கண்டதை மறையாமல் எழுதும் நேர்மையும், ஒவ்வொன்றாகத் திருத்தும் பொறுமையும் உடையவர்க்கு, அடுத்த 21-ஆம் நாள் காலையில் பெட்டியினுள் கீச்சொலி மிகுதியாகக் கேட்கும்.

பயிற்சி

1. தாய்க்கோழி முட்டைகளுக்குச் செய்யும் நான்கு உதவிகள் யாவை? பொரிப்பானில் அவை எவ்வாறு அமைக்கப்படுகின்றன?

2. முட்டையை நாள்தோறும் ஒற்றைப்படை எண்ணிக்கையிற் புரட்டுவது ஏன்?

3. ஓட்டில் துளையிட்ட குஞ்சுக்கு உடனே உதவுதல் ஏன் தீதாகிறது?

4. ஒரு வீட்டில் 40 முட்டைகள் வைக்கப்பட்டன. ஏழாம் நாளில் 4 முட்டைகள் தெளிந்திருந்தன. 12 முட்டைகளில் குருதி வளையம் காணப்பட்டது. எஞ்சியவை யாவும் உரிய நாளிற் பொரிந்தன. குறை எங்கே இருந்திருக்கலாம்? அதனை அறிய அவ்வீட்டினரிடம் நீ கேட்கும் வினாக்கள் யாவை?